சாக்கு மூட்டைக்குள் ஒரு மனை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனது. இதை எழுதத் துணிந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியிருந்த வயல்களையெல்லாம் மனை போட்டு விற்கத் தொடங்கியிருந்த நேரம். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் காலடியில் கிடந்த சாக்கு மூட்டையைக் கண்டக்டர் காலால் தட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா இது, கல்லு மாதிரி கீது?”

“கல்லுதான். எங்க மனையோட நாலு மூலைக் கல்லு.”

“அத்தை ஏன் புடுங்கிக்கினு வந்தே?”

“பக்கத்து மனைக்காரன் தினம் கொஞ்சம் கொஞ்சமா எங்க பக்கம் தள்ளி நட்டுக்கினே வரான். இனிமே எத்தைத் தள்ளுவான்?”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். “சரிய்யா, வூடு கட்டப் போறப்போ நம்ம மனை எதுன்னு எப்படிக் கண்டுபுடிப்பே?”

“எருமை ஒண்ணு மேஞ்சிக்கினு இருந்துச்சே, அதுக்கு நேரா.”

“எருமை சாயங்காலம் வூட்டுக்குப் போயிடுமேய்யா! என் வளையலை வித்து வாங்கின மனைய்யா அது!”

அவர் சாக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

பின் சீட்டிலிருந்து ஒருவர் அவசரமாக எழுந்தார். “கண்டக்டர், வண்டியை நிறுத்துப்பா. எனக்கும் அங்கதான் மனை கீது.”

அவர் பின்னாலேயே இன்னும் சிலர் இறங்கி, வயல் பக்கம் ஓடினார்கள்.

மறுநாள் அதே வழியாகப் போனேன். அந்த வயலில் ஒரு கல்கூட இல்லை. மூன்று எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன.