ஒன்பதோடு நின்ற பட்டியல்

— அத்தான், என்ன இது?

— நம்ம பத்திரிகை. கதவைச் சாத்திட்டு உக்காரு.

— உக்கார வரல. தலைப்பைப் படிங்க. சத்தமா படிங்க.

— 'இந்த ஆண்டின் ஒன்பது ஆல்பங்கள்.'

— ஒன்பது! உலகத்துல எவனாவது ஒன்பது போடுவானா? அஞ்சு போடுவான், பத்து போடுவான்... பதினோரு வருஷமா உங்களுக்குப் பத்து எழுதிக் குடுக்கறேன். கண்ணாடிக் கடையில ஒரு பக்கம் லென்ஸைத் தேய்ச்சுக்கிட்டு, இன்னொரு பக்கம் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, வருஷத்துக்கு இருநூறு ராக், பாப் ஆல்பம் கேட்டு, அதுல பொறுக்கி...

— மெதுவா, மாப்ளே. வெளியில பிழை திருத்துற அம்மா காதைத் தீட்டிக்கிட்டு இருக்காங்க.

— நல்லது. பத்து எப்படி ஒன்பதாச்சுன்னு அவங்களையே கேக்கறேன்.

— அவங்களை இழுக்காதே. நான்தான் எடுத்தேன். இடம் இல்லப்பா. கடைசி நேரத்துல கால் பக்க விளம்பரம் ஒன்னு வந்துடுச்சு.

— சரி, இடம் இல்ல. அப்போ பத்தாவதை எடுக்கணுமா, முதலாவதை எடுக்கணுமா?

— அது வந்து...

— வாலை வெட்டுவாங்களா, தலையை வெட்டுவாங்களா?

— யாரு இதையெல்லாம் கவனிக்கப் போறா?

— காலையில கடையில மூணு பேர் கேட்டாச்சு. அதுல ஒருத்தர், 'என்ன சார், போயும் போயும் "மூணாம் மாடி"க்கா முதலிடம்?'ங்கறார். நான் என்னத்தைச் சொல்ல? அதை ரெண்டாவதா வெச்சதே நான் பெரிய மனசு பண்ணி! டிரம்ஸ் பிரமாதம், ஒத்துக்கறேன். பாடறவன் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி பாடறான். நீங்க பாட்டுக்கு ஒன்னை உருவிட்டு மிச்ச எல்லாத்தையும் ஒரு படி ஏத்தி விட்டுட்டீங்க. 'ஈரச் செங்கல்' ஏழாவதா? எட்டே அதுக்கு அதிகம்!

— உனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. தண்ணி குடி.

— தண்ணி வேண்டாம். காரணம் வேணும்.

— அதான் சொன்னேனே, விளம்பரம்.

— எங்க விளம்பரம்? இந்தாங்க, உங்க பக்கம். மூலையில ஒரு பூந்தொட்டி படத்தைப் போட்டு ரொப்பி வெச்சிருக்கீங்க! பூந்தொட்டிக்கு இடம் இருக்கு. 'எதிர் வெயில்' ஆல்பத்துக்கு இடம் இல்ல. இந்த வருஷம் வந்ததுலயே அது ஒன்னுதான் அத்தான் ஆல்பம். கிடார் காட்டுத்தனமா மேல ஏறி வருது, அந்தக் குரல் ஒதுங்குதா? ஒதுங்கல! நேருக்கு நேரா நிக்குது. அதைப் பத்தி எழுத எனக்கு ஒரு வாரம் ஆச்சு. நீங்க குறுக்க ஒரு கோடு கிழிச்சு...

— யாரோ ஒரு பொண்ணு, ஏதோ ஒரு புனைபெயர்ல...

— யாரோ ஒரு பொண்ணா?

— பின்னே? 'பிசிறு'ன்னு ஒரு பேரா? எந்த வீட்டுலயாவது புள்ளைக்கு இப்படிப் பேர் வைப்பாங்களா?

— நீங்க வெச்ச பேரைத்தான் 'எங்கயும் சொல்லிக்காதே'ன்னு வாசல்ல நின்னு கத்தினீங்களே! 'பிசிறு தட்டற குரலை வெச்சுக்கிட்டுப் பாட்டுக்காரி ஆகப் போறியா'ன்னும் கேட்டீங்க. அந்தப் 'பிசிறை'யாவது பேரா வெச்சுக்கலாம்னு நினைச்சுட்டா உங்க பொண்ணு.

— ...கதவு சரியா சாத்தியிருக்கா பாரு.

— சாத்தியிருக்கு. சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? 'மாமன் எழுதினான், அப்பன் அச்சடிச்சான்'னு ஊரே கைகொட்டிச் சிரிக்கும். முப்பது வருஷமா சொந்தக்காரங்க எழுத்து ஒரு வரி இதுல வந்ததில்ல. உங்க அக்கா அனுப்பின கதையையே திருப்பி அனுப்பினவன் நான்.

— அதுவும் தபால்ல! ஒரே வீட்டுக்கு!

— முறைன்னா முறைதான்.

— அப்போ அந்த முறையை நேரா சொல்லியிருக்கலாமே? எதுக்கு விளம்பரம்னு புளுகணும்? முறையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்களுக்கு அவ மேல கோவம் ஆறல. படிப்பைப் பாதியில விட்டா, வீட்டை விட்டுப் போனா, சரி. ரெண்டு வருஷம் ஆகலையா? இன்னும்...

— நீ அவளைப் பாக்கறியா?

— ...வாரத்துக்கு ஒரு தடவை கடைக்கு வருவா.

— ஏன், அவளுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?

— கண்ணு காட்ட வரல. 'அப்பா கேட்டாரா மாமா'ன்னு கேக்க வர்றா. ஆல்பம் வந்து மூணு மாசம். வாராவாரம் இதே கேள்வி. நானும் 'வேலை ஜாஸ்திம்மா அவருக்கு'ன்னு மழுப்பி மழுப்பி... போன வாரம் அவளே முந்திக்கிட்டா. 'வேலை ஜாஸ்தியா மாமா?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. நீங்க அந்த ஆல்பத்தைக் கேட்டுட்டு, பிடிக்கலன்னு வெட்டியிருந்தா நான் இப்படிக் கடையைப் பூட்டிட்டு ஓடி வந்திருக்க மாட்டேன். காதுலயே போட்டுக்காம வெட்டறது இருக்கே, அது அக்கிரமம்!

— போதும், நிறுத்து. நீ மட்டும் ரொம்ப யோக்கியமோ? அக்கா பொண்ணுங்கற பாசத்துலதானே முதலிடம் குடுத்தே?

— பாசமா? பாசம் இருந்தா குறை எழுதுவேனா? 'கடைசிப் பாட்டு மட்டும் வேண்டாத ஒட்டு. வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இரண்டு நிமிடம் வெறும் சீட்டி. அதை நீக்கியிருந்தால் ஆல்பம் இன்னும் கச்சிதமாக இருந்திருக்கும்'னு எழுதினவன் நானு!

— எழுதினே. நல்லா எழுதினே! வேண்டாத ஒட்டாம்! இருநூறு ஆல்பம் கேட்டு என்னய்யா பிரயோஜனம்? காது எதுக்கு இருக்கு உனக்கு, கண்ணாடி மாட்டறதுக்கா?

— அத்தான்... நீங்க எதுக்கு இப்போ கத்தறீங்க?

— பின்னே கத்தாம? அதை நீக்கணுமாம்! நீ யாருய்யா அதை நீக்கச் சொல்றதுக்கு?

— ஒரு நிமிஷம். அந்த ஒரு வரிக்காகவா மொத்தத்தையும் எடுத்தீங்க? பிடிக்கலன்னா அந்த வரியை மட்டும் எடுத்திருக்கலாமே.

— எப்படி எடுப்பேன்? குறை சொல்ற வரியை மட்டும் எடுத்தா அது அப்பன் பண்ற வேலை. மொத்தமா எடுத்தாத்தான் பத்திரிகை ஆசிரியர் பண்ற வேலை. அரை நாள் பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், தெரியுமா உனக்கு?

— அப்படி என்னதான் இருக்கு அந்தச் சீட்டியில?

— உங்க அக்காவுக்கு அப்போ ஆஸ்பத்திரியில காலை ஷிப்ட். பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைக்குத் தலை வாரி விடறது நான்தான். சிக்கெடுக்கும்போது அழுவா. அழாம இருக்க ஒரு மெட்டு சீட்டியடிப்பேன்... நானா கட்டினது, வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டாவது வரி முடியறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டும், 'ஹ்ம்'னு ஒரு இழுப்பு இழுத்துட்டுத் திரும்ப ஆரம்பிப்பேன். ஆல்பத்துல அந்த இழுப்பைக்கூட அவ விடல, மாப்ளே.