பெருமையுள்ள ஆத்துமா

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய இருவர் உட்கார்ந்திருந்தார்கள். முருகன்குறிச்சி தாண்டியதும் ஜன்னலோரத்தவர் சொன்னார்:

"உம்மத்தான் வே ஆண்டவர்ட்ட போட்டுக் கொடுத்தேன்."

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"என்ன சொல்லுதீரு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"போன வாரம் கோயில்ல மைக்ல ஜெபிச்சேம்லா. 'பெருமையுள்ள ஆத்துமா ஒன்று இங்கே இருக்கிறது, அதை நொறுக்கும் ஆண்டவரே'ன்னு. உம்ம நெனச்சுத்தான் அப்படி ஜெபிச்சேன். பாட்டுக்குழுவுக்கு என்னைய விட்டுட்டு உம்மத் தலைவராப் போட்டாங்கள்லா, அந்தக் கடுப்பு."

"ம்."

"அதுல இருந்து வீட்டுல முழங்கால் போட்டா ஜெபமே வர மாட்டேங்கு. கண்ணை மூடுனா நீரு சத்தமா ஆமென் சொன்னதுதான் கேக்கு. ஒண்ணும் தெரியாமச் சொன்னீரே. மன்னிச்சிரும் வே."

பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியது. மற்றவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் மெல்லத் துடைத்தார்.

"அந்த ஆத்துமான்னு நீரு உம்மத்தான் சொல்லுதீருன்னு நெனச்சேன். மனுசனுக்கு எம்புட்டுத் தாழ்மைன்னு சந்தோசப்பட்டுத்தான் ஆமென் சொன்னேன்."

ஜன்னலோரத்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணில் நீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ஜெபம் கேக்கப்பட்டுட்டு வே" என்றார். "நொறுக்கிட்டாரு."