சேலைத் திரைக்குப் பின்னால் இரண்டு டர்ன்டேபிள்கள்

தே ஓ கோசோங், சீனியில்லாத வெறும் தேநீர் என்றுதான் கேட்டேன், மேடம். சீனி போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பிறகு மலாயில் எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகச் சொன்னால்தான் எதுவும் விட்டுப்போகாது.

என் பெயர் மோகனராஜ். வயது ஐம்பத்தெட்டு. கெலுகோரில் சொந்த வீடு. பயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். சாமான் சரியாக இருந்தால் முத்திரை, இல்லையென்றால் வந்த வழியே திருப்பி அனுப்புவது, அதுதான் வேலை. மேலதிகாரியே வந்து கெஞ்சினாலும் கெட்ட சாமானுக்கு நான் முத்திரை குத்தியதில்லை.

ஓய்வு பெற்ற வருடம் அந்த டர்ன்டேபிளை வாங்கினேன். மூன்று லட்சத்து இருபதாயிரம் வெள்ளி. உங்கள் புருவம் ஏறுகிறது, எல்லாருக்கும் ஏறும். பழைய ரெக்கார்டைச் சுற்றவைக்கிற பெட்டிக்கு ஒரு வீட்டு விலையா என்பார்கள். ஆறு லட்சத்துக்குக் கார் வாங்கி, வெயிலில் நிறுத்திவிட்டு, கடைக்குள் போய் மீ கோரேங் தின்கிறவனை ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அது எப்போதும் எரிச்சலாக இருக்கும்.

விலை எதற்கு என்று ஒரே வரியில் சொல்கிறேன். ரெக்கார்டை மேலே வைத்துச் சுற்றுகிற வட்டத்துக்குச் சுழல்தட்டு என்று பெயர். மலிவுப் பெட்டியில் அது சோற்றுத் தட்டு கனம்தான் இருக்கும். என்னுடையதில் பத்தொன்பது கிலோ வெண்கலம். கனம் கூடினால் ஆட்டம் குறையும். ஆட்டம் குறைந்தால் பாடுகிற அம்மாள் பல்லவிக்கு முன்னால் மூச்சிழுப்பது கேட்கும், வயலின்காரர் வில்லைத் திருப்புவது கேட்கும். எனக்குக் கேட்டது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் என் மனைவி காமினியின் நிலத்தை விற்று வந்தது. கெப்பாலா பத்தாஸில் அவள் அப்பா அவளுக்கு எழுதிவைத்த நிலம். இரண்டு பேரும் வயதான காலத்தில் படியேறாமல் இருக்க லிஃப்ட் உள்ள ஃபிளாட் வாங்கலாம் என்று சொன்னேன், கையெழுத்துப் போட்டாள். அது பொய் என்று அவள் அக்கா ரமணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பொய் இல்லை. சொன்ன அன்றைக்கு ஃபிளாட் வாங்கும் எண்ணம் எனக்கு இருந்தது.

காமினி முதல் மாதம் பேசவில்லை. இரண்டாவது மாதம் பாட்டு அறைக்குள் வந்து, தூசி துடைக்கிறேன் என்று துணியை வைத்து ஊசியை ஒரு இழுப்பு இழுத்தாள். ஊசி வளைந்துவிட்டது. வேண்டுமென்றே செய்தாள் என்று நான் சொல்லமாட்டேன். வெளியே சத்தம் போகாமலிருக்க அந்த அறைக்கு நான் போட்ட கதவு மிகவும் கனம். அவள் வெளியே போகும்போது வலது கை கதவு நிலையில் இருந்தது. இருந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். கதவு நசுக்கியது என்று டாக்டரிடம் சொன்னேன், கதவுதான் நசுக்கியது. இரண்டு விரல் மட்டும் பிறகு மடங்கவில்லை. அவள் ரமணி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஐந்து மாதம் நான் தனியாக இருந்தேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும், மேடம். அவள் திரும்பி வரவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இதை நீங்கள் நம்பவேண்டும்.

நடுவில் பேசியது சிக்கந்தர் பாய். சூலியா ஸ்ட்ரீட் பக்கம் ரேடியோ, ஆம்பிளிஃபயர் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார், பழைய ரெக்கார்டும் விற்பார். எனக்கு இருபது வருடப் பழக்கம். அவர் கெப்பாலா பத்தாஸில் ரமணி வீட்டுக்குப் போய் காமினியைப் பார்த்துவிட்டு வந்தார். அவள் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். பிறகு போனிலும் என்னிடம் அதையே சொன்னாள்.

"ஒரே ஒரு டெஸ்ட்டுங்க. பாக்காம கேட்டு, எது உங்க மெஷினுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் வாய தெறக்காம வந்துர்றேன். சொல்ல முடியலன்னா அத வித்து என் நெலத்துக் காச குடுத்துருங்க. பாய் அண்ணன் டெஸ்ட் வைக்கட்டும்."

சோதனை என்றால் எனக்கென்ன பயம். சரி என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, பாய் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, காமினியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் கடையிலிருந்து ஒரு பழைய டர்ன்டேபிள். ஐந்நூறு வெள்ளிகூடப் பெறாது, மூடியில் ஒரு பக்கம் விரிசல். ஒரே கச்சேரி ரெக்கார்டில் இரண்டு பிரதி கொண்டுவந்திருந்தார். ஒன்று என்னுடையதில் ஓடும், இன்னொன்று அவருடையதில் ஓடும். நடுவில் ஒரு சுவிட்ச். எதைத் தட்டுகிறாரோ அந்த மெஷின் ஸ்பீக்கரில் கேட்கும். காமினி தன் பழைய சேலை ஒன்றைத் துணிக் கிளிப்பால் பாட்டு அறையின் குறுக்கே மாட்டினாள். நான் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பத்து முறை. ஒவ்வொரு முறையும் 'என்னுடையது', 'அவருடையது' என்று நான் சொல்லவேண்டும். அவள் நோட்டில் இடது கையால் எழுதிக்கொண்டாள்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றாவது முறை, "பாய், இது ஒங்களோடது, தலகாணிய மூஞ்சில வச்சு அழுத்துன மாதிரி இருக்கு" என்றேன். ஏழாவது முறை அந்த அம்மாள் மூச்சிழுத்தது பக்கத்தில் உட்கார்ந்தது போலக் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இது என்னுது" என்றேன். என்னுடையது ஆறு, அவருடையது நான்கு என்று முடித்தேன்.

பாய் ரெக்கார்டை நிறுத்தினார். பிறகு திரையை விலக்கிக்கொண்டு வந்து, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு வயரை எடுத்துக் காமினியின் நோட்டின் மேல் வைத்தார். என் மெஷினைச் சுவிட்சோடு இணைக்கிற வயர். ஆரம்பத்திலிருந்தே அவர் பையில்தான் இருந்திருக்கிறது. பத்து முறையும் சுவிட்சைச் சும்மா தட்டியிருக்கிறார். பத்து முறையும் ஓடியது அந்த விரிசல் மூடிப் பெட்டி.

"கோவிச்சுக்காத மோகனு" என்றார். "ஒன் காதுல ஒரு கொறையும் இல்ல. வெல பெருசுன்னு மனசு நெனச்சா காது அத அப்படியே கேட்டுரும் லா. எனக்கும் கேக்கும்."

காமினி சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை. அடோய் என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை, கடைசியில் அழுகையாகிவிட்டது. "இதுக்கா என் வெரல ஒடச்சீங்க" என்றாள். எனக்கு மானம் போய்விட்டது, மேடம். உட்கார்ந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஆனாலும் நான் கோபப்படவில்லை. முறைப்படி பேசினேன். சோதிக்கவேண்டிய சாமானை மேசையிலேயே வைக்காமல் செய்த சோதனை செல்லாது. பரீட்சைக்கே கூப்பிடாத பிள்ளை எப்படி ஃபெயிலாகும். வயரை மாட்டி மறுபடியும் வையுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இருவருமே மறுத்தார்கள். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

"போதுங்க" என்றாள் காமினி. "பாய் அண்ணே, வித்துருங்க."

"கோலாலம்பூர்ல ஆள் இருக்கு தங்கச்சி. ரெண்டு லட்சம் குடுப்பான். நான் இப்பவே கழட்டி வச்சுர்றேன்."

இந்த மாதிரி மெஷினை நகர்த்துவதென்றால் முதலில் சுழல்தட்டைக் கழற்றவேண்டும். அது பாய்க்குத் தெரியும். ஆனால் வெண்கலத்தில் வெறுங்கை படக்கூடாது, துணி உறை போட்டுத்தான் தொடவேண்டும். அதுவும் அவருக்குத் தெரியும். வேர்த்த கையோடு, சந்தையில் பூசணிக்காய் தூக்குகிற மாதிரி தூக்கினார். பத்து விரலும் அதில் பதிந்தது. "கனம் லா, பிடி மோகனு" என்றார். வாங்கிக்கொண்டேன். அவர் குனிந்து ஊசிக்கையின் திருகைத் தேட ஆரம்பித்தார்.

பின்மண்டையில் முதல் அடி. அவர் மேசையில் நெற்றி மோதி, பக்கவாட்டில் விழுந்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்கிற மாதிரி வாயைத் திறந்தார். முகத்தில் இரண்டாவது. மூன்றாவது தேவையில்லைதான், பாதியில் விடக்கூடாது என்பது என் பழக்கம். எலும்பு உடைகிற சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னது. அந்த அறையில் எதிரொலி கிடையாது, நானே ஆள் வைத்துச் சுவருக்கு நுரைப்பஞ்சு அடித்திருக்கிறேன்.

காமினி கதவுக்கு ஓடினாள். மேல் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். மடங்காத விரலை வைத்துக்கொண்டு அதைத் திறக்க நேரமாகும். "என்னங்க, வேணாங்க, அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றாள். அப்போது சொல்லி என்ன பயன். எனக்கு இடுப்பில் பிடிப்பு வந்துவிட்டது, தட்டைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. அதனால் அவளுக்கு ஒரே அடிதான், அதுவும் சரியாக விழவில்லை. தட்டை பாய்க்குப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டேன். அவளை அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ரெக்கார்டை முதலிலிருந்து போட்டேன். ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம், நான்கு உருப்படி. இரண்டாவது உருப்படி வரைக்கும் கதவுப் பக்கமிருந்து காமினியின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. அதை மறைக்க நான் சத்தத்தைக் கூட்டவில்லை, அது ஏமாற்று. மூன்றாவதிலிருந்து அறை அமைதியாகிவிட்டது. அப்போது கேட்டேன், மேடம். அந்த அம்மாள் மூச்சிழுப்பதும், வில் திரும்புவதும், சபையில் யாரோ ஒருவர் இருமியதும் தனித்தனியாகக் கேட்டது. வாங்கிய நாளிலிருந்து என் மெஷின் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போட்டுவிட்டு, உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். கொன்றது நான்தான், இருவரையும். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம், தட்டு பாய்க்குப் பக்கத்தில் தரையில்தான் கிடந்தது. நானே வைத்தேன் என்று சொன்னேனே. தட்டு இல்லாமல் என் மெஷினில் ரெக்கார்டு சுற்றாது, அதுவும் சரிதான். உங்கள் ஆட்கள் கதவை உடைத்து உள்ளே வந்தபோது ரெக்கார்டு அந்த விரிசல் மூடிப் பெட்டியில் சுற்றிக்கொண்டிருந்தது என்கிறார்கள்.

அவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள், மேடம். நான் காதால் கேட்டவன். அது என்னுடையதுதான். மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு ஒரு காசு குறையாமல் தகும் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.