கழுவிக் காயப்போட்ட வலை

முதல் முறையாகக் குவாட் பைக், அதுதான் மண்ணில் ஓட்டுகிற நாலு சக்கர பைக், வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள். சிவப்பில் இருக்கிறதா என்பார்கள். இன்ஜின் எத்தனை சிசி, நம் உடம்பு தாங்குமா, எந்த மண்ணில் ஓட்டப்போகிறோம் என்பதெல்லாம் இரண்டாவது காபிக்குப் பிறகுதான் வரும். பதினேழு வருடமாக ஷோரூமில் பார்க்கிறேன். நீங்கள்கூட, ஐயா, அந்த வண்டியின் போட்டோவை என் முன்னால் வைத்ததும் முதலில் சொன்னது 'நல்ல சிவப்பு' என்றுதான். தப்பில்லை. நல்ல சிவப்புதான்.

எழுதிக்கொள்பவர் மெதுவாகவே எழுதட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

எங்கள் ஷோரூமில் யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைத் தூக்கிக் கொடுப்பதில்லை. பின்பக்கம் ஒரு மண் மைதானம் இருக்கிறது. வருகிறவரைச் சின்ன வண்டியில் ஏற்றி நான்கு சுற்று விடுவேன். வேலியோரம் நின்று அவர் என்னென்ன தப்புச் செய்கிறார் என்று ஒரு அட்டையில் எழுதுவேன். பிரேக் பிடிக்கும்போது பதறுகிறார், மேட்டில் பின்னால் சாய்கிறார், இப்படி. எந்த வண்டி, அதில் என்னென்ன மாட்ட வேண்டும் என்பதை அந்த அட்டைதான் முடிவு செய்யும். ஒரு பேக்கரிக்காரர் எழுநூறு சிசி வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அட்டையைப் படித்துக் காட்டினேன். முகம் தொங்கிப்போய் இருநூற்றைம்பதை ஓட்டிக்கொண்டு போனார். இன்றைக்கும் வருடம் தவறாமல் கேக் அனுப்புகிறார். 'உயிரோடு இருப்பதற்கு நன்றி' என்று மேலே க்ரீமில் எழுதியிருக்கும். நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியத்தான் சொல்கிறேன்.

இனி பல் டாக்டர் விஷயம்.

அவரிடம் அக்காவை அழைத்துப்போனது நான்தான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனவள், மறுவாரம் வலியே இல்லாமல் மறுபடி போனாள். அதற்கு அடுத்த வாரம் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போனாள். அக்காவுக்கு நாற்பத்தேழு வயது, எனக்கு நாற்பத்து மூன்று. அப்பா அம்மா போனபிறகு இருபது வருடமாக நாங்கள் இரண்டு பேர்தான். அவள் சமைப்பாள், துவைப்பாள், என் சட்டைகளைத் தேய்த்து அலமாரியில் நிறவாரியாக அடுக்குவாள். நான் பேப்பர் படித்துக் காட்டுவேன். எங்களுக்குள் ஒரு குறையும் இருந்ததில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். ரிஜிஸ்டர் கல்யாணம், அடுத்த மாதம் பத்தாம் தேதி. கிளினிக் மாடியில்தான் குடித்தனம்.

"அப்ப இங்க?" என்று கேட்டேன்.

"இங்க நீ இருக்கே. எருமை மாதிரி வளர்ந்தாச்சு, இனிமே நீயே பாத்துக்கடா," என்று சிரித்தாள்.

மறுநாள் எனக்கென்று ஒரு புது இஸ்திரிப்பெட்டி வாங்கி வந்தாள். வாஷிங் மெஷின்மேல் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். அந்தக் காகிதம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பார்த்தீர்களானால் உங்களுக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

டாக்டர் நல்ல மனிதர். அதை அழுத்தமாகவே எழுதிக்கொள்ளுங்கள். வாய் ஓயாமல் பேசுவார். வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களிடமே நாள் முழுக்கப் பேசிப் பழகியதால், பதில் வராவிட்டாலும் கவலைப்பட மாட்டார். என்னிடம் அவருக்கு ஒரே ஒரு குறை.

"இன்னும் என்ன டாக்டர் டாக்டர்னு? மாமான்னு கூப்பிடு மச்சான். பல்லு வலிச்சா மட்டும் டாக்டர்னு சொல்லு."

"பழகட்டும், டாக்டர்," என்பேன். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவருக்கு வாலிபத்தில் மோட்டார் பைக் ரேஸ் பைத்தியம். மண் பாதையில் ஓட்டி மூன்று கோப்பை வாங்கியிருக்கிறார். கல்யாணத்துக்குத் தனக்குத்தானே ஒரு பரிசு வாங்கப்போவதாகச் சொல்லி ஒரு சனிக்கிழமை ஷோரூமில் வந்து நின்றார். சிவப்பு இருக்கிறதா என்று கேட்டார்.

மற்றவர்களைப் போல அவரையும் சின்ன வண்டியில் ஏற்றினேன். அருமையாக ஓட்டினார். ஆனால் வளைவு வந்தபோதெல்லாம் அவருடைய இடது கால் தானாகக் கீழே இறங்கியது. இரண்டு சக்கரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ரத்தத்திலேயே ஊறிய பழக்கம். பைக்கில் காலை ஊன்றித் திரும்பலாம். குவாட் பைக்கில் ஊன்றினால் பின்னால் வருகிற சக்கரம் அந்தக் காலைக் கவ்வி ஆளையே உள்ளே இழுத்துவிடும். அதற்காகத்தான் கால் வைக்கிற கட்டைக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கெட்டியான வலை கட்டுகிறோம்.

அட்டையில் எழுதினேன்: 'வளைவில் இடது கால் இறங்குகிறது. நான்கு சுற்றிலும். ஆறு மாதம் சின்ன வண்டி மட்டும். வலை அவசியம்.' என் கையெழுத்துதான். நான் அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யாக எழுதவில்லை.

இறங்கி வந்தவருக்கு வலையைத் தட்டிக் காட்டினேன். "இது இருக்கிற வரைக்கும் உங்க கால் உங்களோடது, டாக்டர்."

அந்த வசனம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று மாலை அக்காவிடம் என் குரலிலேயே பேசிக் காட்டினார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "என் தம்பி இருக்கான், எனக்கென்ன பயம்," என்றாள்.

வண்டியைத் தேர்ந்தெடுத்த கதைக்கு வருகிறேன். அட்டையை மேசை இழுப்பறையில் போட்டேன். இருநூற்றைம்பது சிசி வண்டியைக் காட்டினேன். அடுத்து நானூறு. கடைசியாக, மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த எழுநூறைக் காட்டி, "இது நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கான வண்டி. நீங்க யோசிச்சுக்குங்க," என்றேன். மூன்று கோப்பை வாங்கியவர் என்னத்தை யோசிப்பார். துணியை அவரே இழுத்தார்.

பாருங்கள், நான் எடுத்துத் திணிக்கவில்லை. அவர் கேட்டதைக் கொடுத்தேன்.

புதியவர்களுக்குக் கொடுக்கும் வண்டியில் ஆக்சிலேட்டர் பாதிக்குமேல் போகாதபடி ஒரு திருகை முடுக்கி வைப்போம். அதை முழுக்கத் தளர்த்தினேன். அரை நிமிட வேலை. வலைகளைக் கழற்றத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. இரண்டு பக்கமும் வார்ப்பட்டைகள் இறுக்கமாக இருந்தன. நல்ல கம்பெனி வலை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள். எனக்குச் சின்னது, அவருக்குச் சிவப்பு. அக்கா அவருடைய ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "வலை எங்க மச்சான்?" என்றார்.

"கழுவிக் காயப்போட்டிருக்கேன், டாக்டர். ரெண்டும் மண்ணா இருந்துச்சு."

அதுவும் பொய்யில்லை. விடியற்காலையில் எழுந்து சோப்புப் போட்டுக் கழுவி, மாடிக் கொடியில் தொங்கவிட்டிருந்தேன். நீங்கள் பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம்.

"சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் முழுசா வந்து சேருங்க," என்றாள் அக்கா.

நல்ல வெயில், நல்ல காற்று. அவர் முதல் ஒரு மணி நேரம் குழந்தை மாதிரி கூவிக்கொண்டே வந்தார். பழைய கல் குவாரியைச் சுற்றி இறங்குகிற பாதையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். சரிவான இடது வளைவு, சரளை மண். நான் முன்னாலேயே போய் வளைவுக்கு எதிரே மேட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டேன். அங்கிருந்து எல்லாம் தெளிவாகத் தெரியும்.

அவர் மேலே வந்து சற்றுத் தயங்கினார். சரிவைப் பார்த்து யோசிக்கிறார் என்று தெரிந்தது. திரும்பிவிடுவாரோ என்று இருந்தது. கையை ஆட்டி, "மாமா, இந்தப் பக்கம். சும்மா வாங்க மாமா," என்று கூப்பிட்டேன்.

முதல் முறையாக அப்படிக் கூப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவ்வளவு சந்தோஷம். சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினார். வளைவில் இடது கால் இறங்கியது. அட்டையில் நான் எழுதியது எழுதியபடி.

வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. ஹேண்டில் பார் லேசாக வளைந்திருந்தது, அவ்வளவுதான். அவரிடம் நான் இறங்கிப் போகக் கால் மணி நேரம் ஆனது. ஓடியிருந்தால் இரண்டு நிமிடம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். சரளையில் ஓடுவது ஆபத்து.

எல்லோரும் விபத்து என்றே சொன்னார்கள். பத்தாம் தேதி வந்து போனது. அக்கா வீட்டிலேயே இருந்தாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. மற்றபடி எல்லாம் பழையபடி. நேரத்துக்குச் சாப்பாடு, தேய்த்த சட்டை. அந்த மூன்று வாரம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, ஐயா.

வலைகளை அன்றைக்கே குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் நல்ல பொருள், கிழிசல்கூட இல்லை, எப்படி மனசு வரும். மடித்து என் சட்டை அலமாரியின் அடியில் வைத்திருந்தேன். அலமாரியைத் திறந்து சட்டை அடுக்குவது நான் இல்லையே, அக்காதானே. அது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். கூடவே ஷோரூமுக்குப் போய் அந்த அட்டையையும் கேட்டு வாங்கியிருக்கிறாள். கெட்டிக்காரி.

ஆமாம், நான்தான் அவரைக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். சுற்றி வளைப்பது எனக்குப் பிடிக்காது. எங்கே கையெழுத்து என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

அக்கா வீட்டைப் பூட்டிச் சாவியை உங்கள் மேசையில் வைத்துவிட்டு, கிளினிக் மாடிக்கே குடிபோய்விட்டதாகச் சொல்கிறீர்கள். கோபம். அவளுக்கு எப்போதும் இரண்டு நாள்தான், அதற்குமேல் தாங்காது. நாளைக்கு என்னைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போகிறீர்களாமே, வாசலில் நிற்கும் காவலர் சொன்னார். அவளுக்கு ஒரு போன் போட்டு, அந்த வெளிர்நீலச் சட்டையைத் தேய்த்துக் காலை எட்டு மணிக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். எனக்கென்று சொன்னால் போதும்.