கல் பட்டது தங்கவேலுக்கு, கட்டு போட்டது தலைவருக்கு

ஆடும் நாற்காலியிலும் அசையாமல் வீற்றிருக்கும் அவைத்தலைவர் ராஜகோபால் அவர்களே! கே.ஜி.கண்டிகையின் பெரியோரே! வயல் வேலை முடித்த கையோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! தங்கவேலுக்கு நீங்கள் எடுக்கும் இந்தப் பாராட்டு விழாவில் எனக்கும் இடம் தந்தீர்கள், தலை தாழ்த்துகிறேன்.

யார் இந்தத் தங்கவேல்? மக்களுக்காகவே மூச்சுவிடும் மாமனிதர், நம் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பக்தவச்சலத்தின் பள்ளித்தோழர். முப்பது ஆண்டுகள் அவருடைய மெய்க்காவலர்!

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பொதட்டூர்பேட்டையில் பிரசாரம். "குடிதண்ணி குழாய் எங்கய்யா?" என்று நெசவாளர்கள் ஜீப்பை மறித்தார்கள். எவனோ கல்லெறிந்தான். சிங்கத் தலைவர் என்ன செய்தார்? சீட்டுக்கு அடியில் சிந்தனையில் ஆழ்ந்தார்! குறுக்கே பாய்ந்த தங்கவேலின் இடக்கண் போனது. மறுநாள் ஊரெங்கும் சுவரொட்டி: 'இரத்தம் சிந்திய சிங்கம்!' படத்தில் தலைவர் தலையில் பென்னம்பெரிய கட்டு! சிரிக்காதீர்கள் அம்மா, அந்தக் கட்டைப் பார்த்துத்தானே நாம் ஓட்டுப் போட்டோம்!

மருத்துவமனையில் தங்கவேலின் மனைவி கெங்கம்மாள் கேட்டார்: "கண்ணு போனது உனுக்கு. அவருக்கு எதுக்குய்யா கட்டு?"

"வுடுமே, அண்ணன் ஜெயிக்கணுமில்ல?"

ஜெயித்தார். குழாய் வந்ததா என்கிறீர்களா? ஆங், வந்ததே, தலைவரின் தோட்டத்துக்கு!

சென்ற ஆடிக்கிருத்திகை. மலைப்படியெங்கும் காவடிக் கூட்டம். தலைவருக்கு வழிவிடச் சொல்லி ஆட்கள் நெட்டித் தள்ளியதில், குப்பம்மாள் என்ற பெரியம்மா காவடியோடு படியில் சரிந்தார். பின்னால் வந்தவர்களால் நிற்க முடியவில்லை. தங்கவேல் தலைவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அந்த அம்மாவின் மேல் கவிந்துகொண்டார்.

"டேய்! நான் இங்க நின்னுகினு இருக்கேன், நீ யாரைக் காப்பாத்துற?"

முப்பது ஆண்டுகள் 'அண்ணே' என்ற வாய் அன்று பெயர் சொன்னது: "பக்தா, உன்னை யாரும் மிதிக்கலடா!"

தங்கவேலின் விலா எலும்பு இரண்டு முறிந்தது. குப்பம்மாள் பிழைத்தார். தங்கவேல் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கண்ணு போனப்பக்கூட மனசு வலிக்கலீங்க. அந்தம்மா விழுந்தப்போ, அழுக்காயிடுமேன்னு வேட்டியத் தூக்கிப் புடிச்சிக்கினான் பாருங்க, அதான் வலிச்சுது."

தோழர்களே! தன் மக்களிடமிருந்து தன்னைக் காக்க ஒருவனுக்கு ஆள் வேண்டுமென்றால், அந்த மக்களுக்கு அவன் என்ன செய்துவைத்திருக்கிறான்? கருணைக்கடல் மீண்டும் போட்டியிடுகிறாராம். வரட்டும்! கைகூப்பி வரட்டும்! கண்ணீரோடு வரட்டும்! இம்முறை நமக்கும் அவருக்கும் நடுவே தங்கவேல் இல்லை. கேட்க வேண்டியதை முகத்துக்கு நேரே கேளுங்கள்!

காது கொடுத்த உங்களுக்கு நன்றி. கண் கொடுத்த தங்கவேலுக்கு என் வணக்கம்!