அணிந்துரை வாங்கப் போனவர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். லாரி ஓட்டியே மூன்று லாரிக்குச் சொந்தக்காரன் ஆனேன். இறங்கவேண்டிய ஊரை ஒருநாளும் தவறவிட்டதில்லை. போன வாரம் சந்திரகிரி போக, சித்தூரில் திருப்பதி பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர் மடியில் கையால் எழுதிய காகிதக் கட்டு.

“பேய்க்கதை எழுதறவன்லாம் எழுத்தாளனா? நானும் அவனும் ஒரே பெஞ்சு. அவன் புத்தகம் மட்டும் எப்படி இவ்ளோ விக்குது?”

“படிச்சா பயமா இருக்குது, வாங்குறாங்க. நானே இப்போ மாந்தோப்புப் பக்கம் போறதில்ல.”

“என் கதையிலயும் பேய் வருதே!”

“வருது. வந்து பத்துப் பக்கம் புத்தி சொல்லுது.”

“அவனுக்கு ஒரு வரி ஒழுங்கா எழுத வராது.”

“அப்போ அவர்கிட்ட அணிந்துரை கேக்க ஏன் போய்க்கினு இருக்கோம்?”

“அவன் நாலு வரி எழுதிக் குடுத்தாத்தான் அச்சுப் போடுவேன்னு பதிப்பாளர் சொல்லிட்டாரே. போனதும் அவன் புது நாவலைப் பாராட்டணும். நான் எங்க படிச்சேன்? நீ கதையைச் சொல்லு.”

அந்தம்மா சொன்னார்: “மாங்கா மண்டி முதலாளி செத்துட்டாரு. ஆனா தினம் காலையில வந்து, கூலியாளுங்கள ஒவ்வொருத்தரா தராசுல நிக்க வைக்கிறாரு. எடை கொறைஞ்சிக்கினே வருது. கடைசி ஆளு ஏறி நின்னான். முள்ளு அசையவே இல்ல.”

அவர் கட்டின் மேல் ஓங்கி அடித்தார். “பாவி, இது எனக்குத் தோணாமப் போச்சே! சரி, அப்புறம்?”

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வந்து அதட்டும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. சந்திரகிரியில் இறங்கவேண்டிய நானும்தான்.