நாகர்கோவிலுக்கு இரண்டு ஹெல்மெட்

கிருஷ்ணவேணி: ...அதும்மேல கட்டாதீங்கன்னேன்ல! இட்லிங்க அது. மழைக்கோட்டுக்கு அடியில போட்டா நாகர்கோவில் போறதுக்குள்ள தோசையாயிடும்.

பரசுராமன்: கோயில் இட்லி அவ்ளோ லேசுல நசுங்காது வேணி. மிளகு, சுக்கு போட்டு மந்தார இலையில வேக வச்சது. மேல ஆளே ஏறி உக்காரலாம்.

அபிநயா: உக்காரு, உக்காரு. போன வாரம் என் ஹெல்மெட் மேல உக்காந்தியே, அந்த மாதிரி.

பரசுராமன்: கருப்புச் சோபாவுல கருப்பு ஹெல்மெட்ட வச்சிட்டு... யாரா இருந்தாலும் உக்காருவான்.

அபிநயா: நானும் அம்மாவும் உக்காரலியே?

பரசுராமன்: காலங்காத்தால அப்பனை வம்புக்கு இழுக்காத. மணி இன்னா?

அபிநயா: நாலு அம்பது. அஞ்சரைக்குக் கெளம்புனா வெயில் ஏறுறதுக்குள்ள விழுப்புரம் தாண்டிடலாம். ராத்திரி திருச்சியில தங்கல். நாளைக்குச் சாயங்காலம் நாகர்கோவில். நாளான்னிக்குக் காலையில சகாயம் மாமாவோட வருஷப் பூசை.

பரசுராமன்: பிளானைப் பாரு பிளானை! நானும் சகாயமும் இருபத்திரண்டு வருஷம் அவன் ஊருக்குப் போனோம். ஒரே பிளான்தான். பசிச்சா நிறுத்து.

அபிநயா: ஒரு வருஷம் திருச்சி போறதுக்குள்ள ஏழு தபா நிறுத்துனீங்களாமே. மாமா வூட்டு லில்லி அத்தை சொன்னாங்க.

பரசுராமன்: எட்டு. ஒரு எடத்துல டீ சரியில்ல, அதை லில்லிகிட்ட சொல்லல.

கிருஷ்ணவேணி: அந்த அக்காவே பஸ்ல வாங்கன்னுதான் சொல்றாங்க. ஏறிப் படுத்தா காலையில நாகர்கோவில்.

பரசுராமன்: இன்னா பேச்சு பேசுறே? அவங்க ஊர் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வண்டியில போனவன் நான். அவன் போன மொத வருஷம் ஏசி பஸ்ல போர்வையப் போத்திக்கினு போயி எறங்கணுமா? கல்லறைக்குள்ள இருந்து சிரிப்பான்.

கிருஷ்ணவேணி: சிரிக்கட்டுமே. அந்த அண்ணன் சிரிப்பைக் கேட்டும் ஒரு வருஷமாச்சு. தையல் மிஷினை நிறுத்திட்டுச் சிரிப்பாரு. தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.

பரசுராமன்: ஆமா... ஊசி கையில குத்துனாலும் சிரிப்பான், பைத்தியக்காரன்.

அபிநயா: சரி சரி. அப்பா, ஜெர்கினைப் போடு. முட்டிக்கு இது. ரெண்டு காலுக்கும் மாட்டிக்கோ.

பரசுராமன்: இதை மாட்டுனா நான் எப்பிடிம்மா நடக்குறது? கிரிக்கெட் ஆடவா போறேன்?

கிருஷ்ணவேணி: என்னைப் பாருங்க, நான் மாட்டிக்கினேன்.

பரசுராமன்: ...அடி ஆத்தா! வேணி! சுடிதாரா அது? ஷூ வேற!

கிருஷ்ணவேணி: கத்தாதீங்க, தெருவே எழுந்துக்கப் போவுது.

பரசுராமன்: எழுந்துக்கட்டும். இந்தக் கோலத்தை நாலு பேரு பாக்க வேணாமா? இது தெரிஞ்சிருந்தா கல்யாணத்தன்னிக்கே சுடிதார் எடுத்திருப்பேன்.

கிருஷ்ணவேணி: முகூர்த்தப் பட்டு நெய்ற வூட்டுல சுடிதாரா? உங்க அம்மா அப்பவே என்னைத் திருப்பி அனுப்பிச்சிருப்பாங்க.

பரசுராமன்: ஆமா, பின்னாடி உக்கார்றதுக்கு ஷூ எதுக்கு?

கிருஷ்ணவேணி: அது... கியரு...

அபிநயா: சேஃப்டிப்பா! பின்னாடி உக்காந்தாலும் கால் கால்தானே?

பரசுராமன்: அவ வேற என்னமோ சொல்ல வந்தா.

கிருஷ்ணவேணி: ஒண்ணும் இல்ல. சாமியக் கும்புட்டீங்களா?

பரசுராமன்: கும்புட்டேன். சாமின்னதும் ஞாபகம் வருது. நாலு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை அம்மாவும் பொண்ணும் இந்த வண்டியில வரதர் கோயிலுக்குப் போறீங்க. நேத்து தொடச்சிக்கினு இருந்தேன். சைலன்சர்ல ரெண்டு கோடு. கையில தட்டுப்பட்டுது. பெருமாள் போட்டாரா?

அபிநயா: பார்க்கிங்ல யாராவது இடிச்சிருப்பாங்க...

பரசுராமன்: அதுல வைக்கோல் ஒட்டிக்கினு இருந்தது. பார்க்கிங்ல ஏதும்மா வைக்கோல்?

கிருஷ்ணவேணி: கோயில் பசு.

அபிநயா: ...ஆமா. பசு.

பரசுராமன்: பசு சைலன்சர்ல முதுகு சொறிஞ்சிக்கினுதாக்கும்.

அபிநயா: பேச்சை மாத்தாத. கண் டாக்டர் சீட்டு எங்க? அதைக் காட்டுனாத்தான் வண்டியத் தொட விடுவேன்னு போன வாரமே சொன்னேன்.

பரசுராமன்: பீரோவுல இருக்குது.

அபிநயா: தேடிட்டேன்.

பரசுராமன்: அப்ப தறிகிட்ட...

அபிநயா: அங்கயும் தேடிட்டேன்.

பரசுராமன்: வாயால சொல்றேன், கேட்டுக்கோ. நல்லா இருக்குதாம். சொட்டு மருந்து மட்டும் விடச் சொன்னாரு.

அபிநயா: வண்டி ஓட்டலாமான்னு கேட்டியா?

பரசுராமன்: அதெல்லாம் கேக்கல. நான் என்ன அவருகிட்ட வண்டி விக்கவா போனேன்?

அபிநயா: அப்பா, வெளையாடாத. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா... அம்மாவும் கூட உக்காந்திருக்காங்க.

பரசுராமன்: ஏ பொண்ணே, நேத்து தறியில இழை அறுந்துச்சே, யார் பிடிச்சா? ஒத்த இழை. தலைமுடியில பாதி. நான்தானே பிடிச்சி முடிச்சு போட்டேன்? கேளு உங்கம்மாவை.

கிருஷ்ணவேணி: நேருக்கு நேரா அறுந்தா பிடிச்சிடுவீங்க. ஓரத்துல அறுந்தா நான் சொல்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியறது இல்ல.

பரசுராமன்: ஓரம் உன்னுதுடி! முப்பது வருஷமா பொடவை உடம்புக்கு நான் நாடா ஓட்டி நெய்றேன், ஓரத்துக் கரைக்கு நீ ஓட்டுறே. உன் பக்கத்துல நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்?

கிருஷ்ணவேணி: ரோட்டுல அந்தப் பக்கமும் லாரி வரும்.

பரசுராமன்: வரட்டும். அதுக்குத்தான் ஹாரன் வச்சிருக்கான்.

அபிநயா: அம்மா...

கிருஷ்ணவேணி: நீ சும்மா இரு. தெரு முனை வரைக்கும் போவட்டும்.

பரசுராமன்: ரெண்டு பேரும் இன்னா குசுகுசுன்னு?

அபிநயா: ஒண்ணும் இல்ல. லேட்டாவுதுன்னு சொன்னேன். பழனி அண்ணன் இன்னிக்குப் பாவு நீட்டுறாராம். தெருவுல பட்டு இழைய இழுத்துக் கட்டிட்டாங்கன்னா எட்டு மணி வரைக்கும் சைக்கிள்கூடப் போவாது.

பரசுராமன்: கதவைத் தொற. நான் வெளிய எறக்கி ஸ்டார்ட் பண்றேன். வேணி, பையப் பிடிச்சிக்கோ.

கிருஷ்ணவேணி: மெதுவா... படி இருக்குது...

பரசுராமன்: இந்தப் படியில முப்பது வருஷமா வண்டி எறக்குறேன். தோ பாரு... எறக்கிட்டேன். பாத்தியா, தெரு காலியா கெடக்குது! மழைக்குப் பயந்து பழனி பாவு நீட்டலபோல. ராசியான நாளு. ஏறு, ஏறு.

அபிநயா: ...அப்பா.

பரசுராமன்: இன்னா?

அபிநயா: தள்ளாத. அப்பிடியே நில்லு.

பரசுராமன்: ஏன், எதையாவது மறந்துட்டமா?

கிருஷ்ணவேணி: ஏங்க... முன் சக்கரத்துக்கும் பாவுக்கும் நாலு விரல்தான் எடம் இருக்குது.

பரசுராமன்: எந்தப் பாவு?

கிருஷ்ணவேணி: கீழ பாருங்க. இடுப்பு உயரத்துல. பழனி அண்ணன் வாசல்லேர்ந்து புள்ளையார் கோயில் வரைக்கும் நீட்டியிருக்குது.

அபிநயா: இன்னா கலருப்பா?

பரசுராமன்: இரு... குனிஞ்சு பாக்குறேன்... அரக்கு. ஆமா, அரக்கு. மூணு பொடவைக்கான நீளம். இப்ப இழை இழையாத் தெரியுது.

அபிநயா: இப்பத் தெரியுது. ஹைவேயில குனிஞ்சு குனிஞ்சு பாப்பியா?

பரசுராமன்: யாராவது பாத்தாங்களா?

கிருஷ்ணவேணி: யாரும் இல்ல. பழனி அண்ணன் பாவுக்குத் தடவக் கஞ்சி எடுக்க உள்ள போயிருக்காரு.

பரசுராமன்: நெசவுக்காரன் பாவு மேல வண்டிய வுட்டான்னா... ஊர்ல தலைகாட்ட முடியுமா வேணி?

கிருஷ்ணவேணி: வுடலையே. நாலு விரல் இருக்குதுன்னேன்ல.

பரசுராமன்: அபி... அந்த டாக்டர் சீட்டை மறுபடியும் கேளு.

அபிநயா: எங்கப்பா இருக்குது?

பரசுராமன்: கிழிச்சிட்டேன்.

கிருஷ்ணவேணி: அதுல இன்னா எழுதியிருந்தது?

பரசுராமன்: ரெண்டு கண்ணுலயும் ஓரப் பார்வை போயிடுச்சாம். போனது போனதுதானாம். இருக்கிறதைக் காப்பாத்திக்கத்தான் மருந்து. தறி ஓட்டிக்கோ, வண்டியத் தொடாதேன்னுட்டாரு.

அபிநயா: தெரிஞ்சும் அம்மாவைப் பின்னாடி ஏத்திக்கினு அறுநூத்துச் சொச்சம் கிலோமீட்டர்...

பரசுராமன்: இல்லம்மா, சத்தியமா இல்ல. முனை வரைக்குந்தான். அங்க போயி வண்டி நின்னுபோச்சுன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கலாம்னு இருந்தேன்.

கிருஷ்ணவேணி: அப்ப அந்த ஏசி பஸ்ஸு?

பரசுராமன்: ஏறியிருப்பேன். போர்வை மட்டும் வேணாம்னிருப்பேன்.

அபிநயா: ஐயோ அப்பா! அழறதா சிரிக்கிறதான்னே தெரியல.

கிருஷ்ணவேணி: ரெண்டும் வேணாம், தள்ளி நில்லு. ஏங்க, இதை வாங்குங்க.

பரசுராமன்: இன்னா இது, கார்டு... ஏடிஎம்மா?

அபிநயா: நேரா வச்சிப் பாருப்பா.

பரசுராமன்: உன் போட்டோ. ஏன் இப்பிடி முறைச்சிக்கினு இருக்கே?

கிருஷ்ணவேணி: அப்பத்தான் எட்டு போட்டு முடிச்சேன். ஒரு தபாகூடக் காலைக் கீழ ஊனல.

பரசுராமன்: லைசென்ஸு... கியர் வண்டிக்கு... வேணி! நீயா?

கிருஷ்ணவேணி: பின்ன, பெருமாளா? கோயில்ல பத்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் ஏனாத்தூர் ரோடு.

அபிநயா: நான் பின்னாடி. உயிரைக் கையில பிடிச்சிக்கினு. ரெண்டு தபா வயல்ல எறக்கிட்டாங்க.

கிருஷ்ணவேணி: ஒரு தபாதான். இன்னொண்ணு வைக்கோல் போரு.

பரசுராமன்: நாலு மாசம்... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

கிருஷ்ணவேணி: சொன்னா, ‘இனிமே என்னால வண்டி ஓட்ட முடியாதா’ன்னு கேப்பீங்க. அதை உங்க வாயால கேக்க வேணாம்னு பாத்தேன். நீங்களா சொல்ற வரைக்கும் இருக்கலாம்னு.

பரசுராமன்: ...நான் சொல்லல. பாவு சொல்லிடுச்சு.

கிருஷ்ணவேணி: சொன்னது நம்ம மூணு பேருக்குத்தான். நகருங்க, செவுத்தோரமாத் தள்ளிக்கினு போவலாம். இந்தப் பக்க ஹேண்டிலை நீங்க பிடிங்க, அந்தப் பக்கம் நான்.

அபிநயா: நான் பாவைப் பாத்துக்கறேன். லெஃப்ட்ல... இன்னும் லெஃப்ட்... அப்பா, அது ரைட்டு!

பரசுராமன்: லெஃப்ட்டு ரைட்டு தெரியாத அளவுக்கு இன்னும் ஆகல, உங்கம்மாதான் இழுக்குறா!

கிருஷ்ணவேணி: மொனகாதீங்க. தள்ளுங்க.

அபிநயா: முனை வந்தாச்சு. ஸ்டேண்ட் எடு. ஹெல்மெட். அம்மா, திண்டிவனம் போனதும் போன். விழுப்புரம் போனதும் போன்.

பரசுராமன்: பசிச்சா நிறுத்துறதுக்கும் போன் பண்ணணுமா?

அபிநயா: எட்டு தபாவும் பண்ணணும்.

கிருஷ்ணவேணி: சரிடி. தறியில பூனை ஏறாமப் பாத்துக்கோ. ஏங்க, இப்ப நல்லாக் கேட்டுக்கோங்க. நீங்க இதுவரைக்கும் ஓட்டுனவரு, பின்னாடி உக்காந்து பழக்கம் இல்ல. ஏறும்போது வண்டிய ஆட்டாதீங்க. திருப்பத்துல நான் சாயற பக்கமே சாயுங்க. பிரேக் போட்டா என் மேல வந்து விழாதீங்க. கேக்குதா?

பரசுராமன்: கேக்குது.

கிருஷ்ணவேணி: அப்ப ஏறுங்க. ஏன் இன்னும் நிக்கிறீங்க?

பரசுராமன்: ஏறி உக்காந்து எவ்ளோ நேரமாச்சு.

கிருஷ்ணவேணி: ...ஏறிட்டீங்களா? வண்டி அசையவே இல்லையே! அபி ஏறுனாலே எனக்கு ஹேண்டில் ஆடும்... அபி, பாருடி உங்கப்பாவை, பஞ்சு மூட்டை கணக்கா உக்காந்திருக்காரு. இதை எங்கங்க கத்துக்கினீங்க?

பரசுராமன்: சகாயம் கத்துக் குடுத்தான் வேணி. ஒரு வருஷம் மதுரை தாண்டி ஒரு லாரி பக்கத்துல வந்துது, எனக்குத் தெரியல... அன்னிக்கே சாவிய வாங்கிக்கினான். அதுக்கப்புறம் போவ வர அவன்தான் ஓட்டுவான். திரும்பி வர்றப்ப இதே முனையில எறங்கி, ஹேண்டிலை என் கையில குடுத்துட்டு, தங்கச்சிக்குத் தெரிய வேணாம், வூட்டு வாசல் வரைக்கும் நீ ஓட்டுன்னு சொல்லிட்டுப் பின்னாடி வந்து ஏறுவான். நீ பயப்படாம கியரைப் போடு. பின் சீட்டு எனக்கு இது மூணாவது வருஷம்.